இரண்டாவது சாவி

தாணப்பன் பிள்ளைக்குத் தன் வீட்டில் தோசை கிடையாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் சண்முகவடிவு அவருக்கு அவியல் வைத்துப் போட்டிருக்கிறாள், தீயல் வைத்துப் போட்டிருக்கிறாள், புட்டும் பயறும் சலிக்கச் சலிக்கப் போட்டிருக்கிறாள். ஆனால் முந்தின நாள் மாவு அரைத்து வைத்து, விடிந்ததும் ஒரு தோசை சுட்டுப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "மாவ அரைச்சு வச்சிட்டுப் படுத்தா எனக்கு உறக்கம் வராது" என்பாள். இது என்ன வியாதியோ என்று அவர் தனக்குள் நினைத்துக்கொள்வாரே தவிர, மேற்கொண்டு கேட்டதில்லை. தோசை ஆசை வந்துவிட்டால் தாழக்குடியில் இருக்கிற அக்காள் தாணம்மாள் வீட்டுக்குப் போய்விடுவார். அவளும் தம்பியை உட்காரவைத்து எட்டுத் தோசை சுட்டுப் போடுவாள். தோசைக்கு ஒன்றாகச் சண்முகவடிவைப் பற்றி எட்டுக் குற்றமும் சொல்லி அனுப்புவாள்.

அவருக்குப் பகுதிக் கச்சேரியில் எழுத்து வேலை. ஊரில் எந்த நிலம் யார் பேரில் இருக்கிறது, யார் பேருக்கு மாறுகிறது என்று எழுதிவைக்கிற வேலை. ஆனால் அவர் பேரில் ஒரு கூரை இல்லை. கருங்கலில் நாலு வருஷம், இரணியலில் ஆறு, பத்மநாபபுரத்தில் ஐந்து என்று மாற்றல் வந்த இடமெல்லாம் வாடகை வீடு. எல்லா வீட்டிலும் வீட்டுக்காரன் கையில் ஒரு சாவி இருக்கும். தேங்காய் போடணும், பத்தாயத்து நெல்லைப் பார்க்கணும் என்று அவன் நினைத்த நேரம் கதவைத் திறந்துகொண்டு வருவான். சண்முகவடிவு அடுக்களையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் போனபிறகு நடையைக் கழுவி விடுவாள்.

இப்போது ஐம்பத்துநாலாம் வருஷம் தை மாசத்தில், அவளுக்கு நாற்பத்தாறு வயது நடக்கும்போது, பறக்கையில் ஒரு வீடு அமைந்தது. முத்துக்குமாரசாமி என்று ஒருவர் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போகிறார் என்று கேள்விப்பட்டு, தாணப்பன் பிள்ளை போய்ப் பார்த்து, விலை பேசி, பிரமாணப் பத்திரமும் எழுதி முடித்துவிட்டார். ஓட்டு வீடு. பின்னால் கிணறு, இரண்டு தென்னை, ஒரு வருக்கைப் பலா. பால் காய்ச்சிக் குடியேறிய அன்று சண்முகவடிவு கிணற்றுக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய சந்தோஷம் யாருக்கும் சொல்லிப் புரிகிற சந்தோஷம் இல்லை.

அது மூன்று நாள்தான் நீடித்தது. நாலாம் நாள் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பூட்டிவிட்டுப் போன கதவு ஒருக்களித்து இருக்கிறது. உள்ளே நடுக்கூடத்தில் ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறார்.

சண்முகவடிவு கையிலிருந்த பிரசாதத் தட்டைத் தரையில் நங்கென்று வைத்தாள். கிழவர் கண்ணைத் திறந்தார்.

"நீ ஆரு மக்கா?" என்றார்.

"நான் ஆருண்ணா கேக்கேரு? இது எங்க வீடாக்கும். நீரு ஆரு?"

"நான் பூதலிங்கம். முத்துக்குமாரசாமிக்கு மாமன். அடுத்த தெருவுதான்." அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷமா மத்தியானம் இங்கதான் வந்து தலை சாய்ப்பேன். காத்து அப்படியாக்கும் இங்க."

"வீட்ட எங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சே!"

"அது தெரியாமலா? பிரமாணத்துல சாட்சிக் கையெழுத்து நான் போட்டதுல்லா. வீட்டத்தானே குடுத்தோம், மத்தியான உறக்கத்தையுமா எழுதிக் குடுத்தோம்?" என்று தானே சிரித்தார்.

கோபப்படக்கூட முடியாதபடி வெள்ளை மனசு. இடுப்பிலிருந்து ஒரு சாண் நீளச் சாவியை எடுத்து அவரே கொடுத்தும் விட்டார். கொடுத்தவர் சும்மா போயிருக்கலாம். போகிற போக்கில், "எந்தம்பிகிட்ட ஒண்ணு இரிக்கு கேட்டியா. தங்கச்சி மக்க ரெண்டுபேர்கிட்டயும் ஆளுக்கொண்ணு இரிக்கு. வீட்டப் பங்கு வைக்க முடியாதுல்லா, அதனால சாவியப் பங்கு வச்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கச்சேரியிலிருந்து வந்த தாணப்பன் பிள்ளை இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சண்முகவடிவு சிரிக்கவில்லை.

"பூட்ட மாத்தணும்."

"மாத்தலாம்ட்டி. அதுக்கென்ன அவசரம்? பாவம், வயசான ஆளு, உறங்கிட்டுத்தானே போனாரு."

"நாளைக்கே மாத்தணும். இல்லேன்னா நான் இந்த வீட்டுல உலை வைக்க மாட்டேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. மறுநாளே லீவு போட்டார். இரணியலில் இருந்த காலத்தில் பழக்கமான தச்சுவேலை ஜஸ்டசுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். ஜஸ்டஸ் வந்து கதவுக்குள் பதித்திருந்த பழைய பூட்டைப் பெயர்த்தெடுத்து, ஓட்டையைத் தேக்குத் துண்டால் அடைத்து, வெளியே கனமான கொண்டியும் வளையமும் அடித்துக் கொடுத்தான். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கோட்டாறு கம்போளத்துக்குப் போய், மைதீன் பிச்சை சாயிபின் இரும்புக் கடையில் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினார்கள்.

"ரெண்டு சாவி. அம்மாவுக்கு ஒண்ணு, பிள்ளைவாளுக்கு ஒண்ணு. மூணாவது சாவி உலகத்துலயே கெடையாது" என்றார் மைதீன் பிச்சை.

அந்தப் பேச்சு சண்முகவடிவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பூட்டிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடியும் பூட்டிப் பார்த்தாள். தாணப்பன் பிள்ளை வெளியே வெயிலில் நின்று, "ஏட்டி, என்னைய உள்ள விட்டுட்டு வெளையாடு" என்றார். தன் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த ஒரு மாசம் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. சந்தைக்குப் போனாலும் கோவிலுக்குப் போனாலும் நின்று நிதானமாகப் பேசிவிட்டு வந்தாள். பூதலிங்கம் பிள்ளையைத் தெருவில் பார்த்தபோது, "மத்தியானம் வாருமே, கதவு திறந்துதான் இரிக்கும்" என்று அவளே கூப்பிட்டாள். அவரும் வந்து உறங்கினார். அவளாகத் திறந்துவிட்ட கதவு வழியாக ஆள் வருவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

மாசி மாசம் கும்பப்பூ அறுப்பு. தாணப்பன் பிள்ளைக்குத் தாழக்குடியில் குடும்பப் பங்காகக் கொஞ்சம் வயல் உண்டு. அதையும் சேர்த்துப் பயிர் பார்ப்பது தாணம்மாளின் மகன் சிவதாணு. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், மாமன் என்றால் உயிர். அறுப்பு முடிந்து நெல் வருகிற சமயம் பார்த்துத் திருநெல்வேலியில் மகள் அழகியநாயகி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். இவர்களுக்கு அவள் ஒருத்திதான், போகாமல் முடியாது. நாலு நாள் வீடு பூட்டிக் கிடக்கும், நெல்வண்டி வந்தால் யார் பத்தாயத்தில் போடுவது என்று தாணப்பன் பிள்ளை தன் சாவியைச் சிவதாணுவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சண்முகவடிவுக்கும் அது தெரியும். நாலு நாள் காரியம்தானே என்று அவளும் பேசாமல் இருந்தாள்.

திரும்பி வந்தபோது வீடு கண்ணாடியாக இருந்தது. பத்தாயம் நிறைய நெல். சிந்தின மணியைக்கூடப் பொறுக்கி முற்றத்தைப் பெருக்கி வைத்திருந்தான் சிவதாணு. குறை சொல்ல ஒரு துரும்பு இல்லை. சண்முகவடிவு மனசு குளிர்ந்து, பயலுக்கு ஒரு காப்பி போடுவோம் என்று அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்து கூடத்துப் பேச்சு கேட்டது.

"மாமா, சாவிய வாங்கிக்கிடுங்கோ" என்று சிவதாணு அரைஞாணில் கோத்திருந்ததை அவிழ்க்கப் போனான்.

"இரிக்கட்டும்டே" என்றார் தாணப்பன் பிள்ளை. "ஒன் கையிலேயே இரிக்கட்டும்."

அவ்வளவுதான். பேச்சு நெல்லின் கண்டுமுதலுக்குப் போய்விட்டது.

அடுக்களையில் சண்முகவடிவு கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காப்பியில் ஒரு தரம் போட்டாள். போட்டோமா என்று தெரியாமல் இன்னொரு தரமும் போட்டாள். "மாமி காப்பி பாயசம் கணக்கா இரிக்கே" என்று சிவதாணு சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு, சாவியோடு தாழக்குடிக்குப் பஸ் ஏறினான்.

சாவி விஷயத்தில் ஒரு பெண்பிள்ளை இத்தனை ஆடிப்போவானேன் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் அந்தக் காலத்து முறை வேறு. அப்பன் சொத்து மகனுக்குப் போகாது. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி பிள்ளைக்குப் போகும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஏதோ கொஞ்சம் பார்த்துக் கொடுப்பார்கள், கொடுக்காமலும் விடுவார்கள். அந்த முறையை மாற்றிச் சட்டம் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. தாணப்பன் பிள்ளை கச்சேரியில் உட்கார்ந்து அந்தச் சட்டப்படிதான் தினமும் எழுதுகிறார். ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, அது சட்டம் படித்ததில்லை. வீட்டுச் சாவி என்றால் அது மருமகன் பக்கம்தான் நீளும். அவர் யோசித்துச் செய்திருந்தால் சண்முகவடிவுக்கு இவ்வளவு நொந்திருக்காது. யோசிக்காமல் செய்தார் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் கச்சேரிக்குப் போனதும் கதவிலிருந்து பூட்டைக் கழற்றிப் பையில் போட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு சொல் சொல்லிவிட்டுக் கோட்டாறுக்குப் பஸ் ஏறினாள். மைதீன் பிச்சை பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, தெறக்க மாட்டேங்குதா?"

"தெறக்குது. அதுதான் கொறை."

சாயிபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஊரே நம்மள தமிழ்நாட்டோட சேக்கணும், எல்லைய மாத்தணும்னு கொடி பிடிச்சிட்டு நிக்குது. நீங்க மாசத்துக்கொரு பூட்டு மாத்துதீங்க. சரி, ரெண்டு சாவியும் கொண்டாங்க, எடுத்துக்கிடுதேன்."

"ஒண்ணுதான் இரிக்கு."

"ஒத்தச் சாவிப் பூட்ட எவன் வாங்குவான்? உருக்கத்தான் போடணும்."

"உருக்கிப் போடும்" என்றாள் சண்முகவடிவு. அதைச் சொல்லும்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இன்னும் பெரிய பூட்டாக ஒன்றைக் கேட்டு வாங்கினாள். இரண்டு சாவியையும் அவளே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் தாணப்பன் பிள்ளை வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சண்முகவடிவு குளத்துக்குப் போயிருந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வெற்றிலை போட்டார். நிமிர்ந்து பார்த்தபோதுதான் பூட்டு வேறாக இருப்பது தெரிந்தது. எழுந்து கையால் தூக்கிப் பார்த்தார். தேங்காய் கனம் கனத்தது.

நனைந்த துணியோடு சண்முகவடிவு வந்தாள்.

"பூட்டு மாறியிரிக்கே?"

"ஆமா. மாத்தியாச்சு."

"அதுக்கென்ன கேடு வந்து?"

"பூட்டுக்கு ஒரு கேடும் இல்ல. நேத்து நீங்க சிவதாணுகிட்ட என்ன சொன்னேள்?"

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. "என்ன சொன்னேன்?" என்றார்.

"ஒன் கையிலேயே இரிக்கட்டும்னு சொன்னேள்."

"அவன் அந்நியனாட்டி? எனக்க அக்கா மவனில்லா?"

சண்முகவடிவு கதவைத் திறக்கவில்லை. ஈரத்துணியைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்று பேசினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லாத கதை. அவள் வாயிலிருந்து அது அழுகையாக வரும் என்று அவளே நினைத்திருந்தாள். வரவில்லை, சாதாரணமாகத்தான் வந்தது.

"எங்கப்பா செத்தப்போ எனக்கு ஒம்பது வயசு. பதினாறாம் நாள் அடியந்திரம் வரைக்கும் வீட்டுல அடுப்பெல்லாம் மாமன்மாரு கை. முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் எங்கம்மை, இனிம நாமதானே பொங்கித் திங்கணும்னு, முதமுதலா தோசைக்கு அரைச்சு வச்சா. எனக்குத் தோசைன்னா உயிரு. விடியக்காலம் ரெண்டுபேரும் ஆத்துக்குக் குளிக்கப் போனோம். வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. அப்பாவுக்க மருமவன் வாசல்ல நிக்கான். இனிம இது எங்க வீடு, அத்தை ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போங்கோன்னு மரியாதையாத்தான் சொன்னான். மாவு அரைச்சு வச்சிரிக்கேனே மக்காண்ணு எங்கம்மை கேட்டா. வேற ஒண்ணையும் கேக்கல்ல. பாத்திரத்தக் கேக்கல்ல, நகையக் கேக்கல்ல. மாவு பொங்கி வழியுமேண்ணு அதையே சொல்லிட்டு நின்னா."

தாணப்பன் பிள்ளை வாயில் வெற்றிலையை மெல்லாமல் வைத்திருந்தார். "அது அந்தக் காலம்" என்றார். "சிவதாணு அப்படிப்பட்டவனா?"

"எங்கப்பாவுக்க மருமவனும் அப்படிப்பட்டவனில்ல. எனக்குப் பொரிகடலை வாங்கித் தருவான். தோள்ல வச்சுத் தேருக்குக் கூட்டிட்டுப் போவான். நல்லவன்தான். அவன் பூட்ட ஒடைக்கல்ல, தெரியுமா? எங்கப்பா கையால குடுத்த சாவி அவங்கிட்ட இரிந்து. ஒன் கையிலேயே இரிக்கட்டும்ணு எங்கப்பா சொன்னத நானே கேட்டிரிக்கேன்."

சொல்லி முடித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.

தாணப்பன் பிள்ளைக்கு மனசு சங்கடப்பட்டது உண்மை. ஆனால் ஆண்பிள்ளைக்குச் சங்கடம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். எனக்குச் சாவி தராமல் என் வீட்டையே பூட்டினாளே என்று அவருக்கு மூக்குக்கு மேல் வந்தது. அடுத்த இரண்டு நாள் வீட்டில் பேச்சு கிடையாது. சண்முகவடிவு, "சோறு வச்சாச்சு" என்று தூணைப் பார்த்துச் சொன்னாள். அவர், "மோரு வேணும்" என்று தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னார். கச்சேரி அரைநாளான சனிக்கிழமை மத்தியானம் உறங்க வந்த பூதலிங்கம் பிள்ளை இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்கே போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தாணப்பன் பிள்ளை காலையிலேயே குளித்து, குடையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் புறப்பட்டார். எங்கே போகிறார் என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? தாழக்குடிக்குத்தான். அக்காள் மடியில் எல்லாவற்றையும் கொட்டுவார். அக்காள் தோசை சுட்டுப் போடுவாள். அவர் எட்டையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டபடி அக்காள் சொன்ன தீர்ப்போடு வருவார். வீடு இந்த மட்டும் சந்தோஷமாக இருந்தது போதும் என்று அவள் ஒரு முடிவுக்கே வந்துவிட்டாள். பூட்டு மாற்றியது தப்பு என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அவரை வாசற்படியில் உட்காரவைத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பிற்பகல் மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்தார். வெயிலில் முகம் சுண்டிப்போயிருந்தது. குடையை மூலையில் சாய்த்தார். இடுப்பிலிருந்து எதையோ எடுத்து, அவள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த முறத்தின் ஓரத்தில் வைத்தார். சாவி. சிவதாணுவின் அரைஞாணில் கிடந்த அதே சாவி.

"வாங்கிட்டு வந்தேன்" என்றார். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

சண்முகவடிவு சாவியைப் பார்த்தாள். "மைனி என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? எம்மவன் களவாணியாலேண்ணு கேட்டா. பெண்டாட்டி சொல்லக் கேட்டு அக்கா வாசல்ல வந்து நிக்கியே, அம்மை இருந்தா இது நடக்குமாண்ணு அழுதா. தெருவே கேட்டுது. நான் தலையக் குனிஞ்சிட்டு, சாவியத் தாடேண்ணு கைய நீட்டிட்டு நின்னேன்."

"சிவதாணு?"

"அவன் அப்பவே அவுத்துத் தந்திட்டான். பஸ்ஸு வரைக்கும் கூடவே வந்தான். மாமா, அம்மை சொன்னத மனசுல வைக்காதீங்கோ, எனக்க பெண்டாட்டியும், நம்ம வீட்டுச் சாவி எனக்கா ஒங்க மருமவனுக்காண்ணு இதத்தான் எங்கிட்டக் கேட்டிட்டிரிக்கா, இனிம நான் அவகிட்ட சொல்லதுக்கு ஒரு வழி ஆச்சுண்ணான்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சண்முகவடிவு கீரைக் காம்பை விரலில் சுற்றினாள். சொல்லவும் மனசில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "இந்தச் சாவிக்கு இப்ப பூட்டு இல்லியே. சாயிபு அந்தப் பூட்ட உருக்கப் போட்டிருப்பாரே" என்றாள்.

"தெரியும்."

"பின்ன என்னத்துக்கு இந்த வெயில்ல அவ்வளவு தூரம்? மைனிகிட்ட ஏச்சும் வாங்கிட்டு?"

தாணப்பன் பிள்ளை பதில் தேடவில்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்திருப்பார் போலிருக்கிறது. "எங்க குடும்பத்துல மருமவன்கிட்டக் குடுத்த சாவிய எவனும் திருப்பிக் கேட்டதில்லட்டி. ஒங்க அப்பாவும் கேட்டிருக்க மாட்டாரு. நீ பூட்டத்தான் மாத்த முடியும். குடுத்தத நான்தானே திருப்பிக் கேக்கணும்" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா செத்த அன்று அழுதது; அதற்குப் பிறகு பூட்டிய வீட்டு வாசலில்கூட அவள் அழவில்லை. இப்போது கீரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வயசான காலத்தில், அழுதாள். நல்ல அழுகை. தாணப்பன் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் முறத்திலிருந்து ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். காம்பும் இலையுமாகப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்தார்.

"அத இங்க தாருங்கோ" என்று பிடுங்கிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, புதுப் பூட்டின் இரண்டாவது சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் தன் அரைஞாணில் கோத்து, இழுத்துப் பார்த்து, இறுக முடிந்துகொண்டார்.

"இது எங்கிட்டதான் இரிக்கும்" என்றார்.

"இரிக்கட்டும்" என்றாள்.

கொஞ்சம் கழித்து, "மைனி தோசை சுட்டாளா?" என்று கேட்டாள்.

"தரல்ல" என்றார் தாணப்பன் பிள்ளை. "ஒரு வாய் தண்ணிகூடத் தரல்ல." பசி முகத்தில் எழுதியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனுஷன், இனி தாழக்குடியில் தோசை கிடைக்க எத்தனை வருஷம் ஆகுமோ என்கிற கவலையும் கூடவே எழுதியிருந்தது.

சண்முகவடிவு எழுந்து அவருக்குப் பழைய சோறும் தயிரும் மாங்காய் ஊறுகாயும் வைத்துக் கொடுத்தாள். அவர் தின்றுகொண்டிருக்கும்போதே அரிசிப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது. உளுந்தைப் புடைக்கிற சத்தமும் கேட்டது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பேசினால் காரியம் கெட்டுப்போகும் என்று அந்த மட்டுக்கும் அவருக்குப் புத்தி இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பின்வாசல் ஆட்டுரலில் குழவி சுற்றத் தொடங்கியது. முத்துக்குமாரசாமி விட்டுப்போன ஆட்டுரல். இவர்கள் இந்த வீட்டுக்கு வந்தபிறகு அது துவையலைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை.

மறுநாள் சண்முகவடிவு கண் விழித்தபோது நன்றாக வெளுத்திருந்தது. தென்னை ஓலைக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. தான் இப்படி உறங்கியதை அவளாலேயே நம்ப முடியவில்லை. இடையில் ஒரு தரம்கூட எழுந்து மாவைப் போய்ப் பார்க்கவில்லை. அவசரமாக அடுக்களைக்கு ஓடினாள். மாவு பொங்கி, மூடியைத் தூக்கி, பானையின் ஒரு பக்கம் வழிந்து தரை வரைக்கும் வந்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வழிந்ததை வழித்து எடுத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டாள்.

தாணப்பன் பிள்ளை அன்று ஒன்பது தோசை தின்றார். கச்சேரிக்கு நேரம் கழித்துத்தான் போனார்.